தோல் ஒட்டு ஆபரேஷன்: வீட்டுக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சை பற்றிப் பத்திரிகைகளில் வருகிற கட்டுரைகளில் பெரும்பாலும் தியேட்டருக்குள் நடப்பதுதான் இருக்கும். என்ன கருவி, என்ன முறை, எத்தனை மணி நேரம் என்று. நான் டிரெஸ்ஸிங் அறை நர்ஸ். ஆபரேஷன் முடிந்து ஆள் வெளியே வந்த பிறகுதான் என் வேலையே ஆரம்பிக்கிறது. தோல் ஒட்டு ஆபரேஷனில், அதிலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற சின்ன ஒட்டுகளில், டாக்டர் வைத்த தோல் பிடிக்குமா போகுமா என்பது அடுத்த ஐந்தாறு நாள் நோயாளி எப்படி இருக்கிறார் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. இதை யாராவது முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருந்தால் இவர் இப்படித் திரும்பி வந்திருக்க மாட்டாரே என்று நினைக்க வைக்கிற ஆட்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டு போட்டால் உடம்பில் இரண்டு புண் இருக்கும். இது பலருக்குத் தெரியாது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் கையில் ஒட்டு போட வந்தவர் மயக்கம் தெளிந்ததும் தொடையில் ஏன் கட்டுப் போட்டிருக்கிறது என்று கேட்பது எங்களுக்குப் பழகிப்போன கேள்வி. கையெழுத்து வாங்கிய தாளில் எழுதியிருக்கும், அவரும் போட்டிருப்பார், யார் படித்தது? ஒட்டுவதற்கான தோல் உங்கள் உடம்பிலிருந்தேதான் வர வேண்டும். அதை எடுத்த இடம் தனிப் புண். அப்புறம் இன்னொன்று, ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கும். சீவி எடுத்த தோலில் நரம்பு நுனிகள் வெளியே தெரிகிற மாதிரி கிடக்கும், அதனால் சிராய்த்துக்கொண்ட இடம் எரிவதுபோல விடாமல் எரியும். ஒட்டிய தோலிலோ நரம்பு அறுந்திருப்பதால் பெரிய வலி இருக்காது. முதல் இரண்டு மூன்று நாள் தொடை எரிகிறது என்றால் ஏதோ தப்பாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். மாத்திரையை வலி தலைக்கேறின பிறகு போடாமல், சொன்ன நேரத்துக்குப் போடுங்கள்.

ஒட்டில் இரண்டு வகை உண்டு, எது உங்களுக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் பார்த்துக்கொள்ளும் விதம் மாறும். ஒன்று மெல்லிய ஒட்டு. தோலின் மேல்படலத்தையும் அதற்குக் கீழே இருப்பதில் கொஞ்சத்தையும் மட்டும் சீவி எடுப்பார்கள். அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது, கையில் பிடித்தால் அடியில் விரல் தெரியும். பெரும்பாலும் தொடையில் எடுப்பார்கள். மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் அடியில் மிச்சம் இருப்பதால் அவற்றிலிருந்து புதுத்தோல் பரவி இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடம் தானே மூடிக்கொள்ளும். இன்னொன்று முழுக்கன ஒட்டு. தோலை முழுதாக எடுத்து, அடியில் இருக்கும் கொழுப்பை மட்டும் கத்தரித்துவிட்டு வைப்பது. காதுக்குப் பின்னால், காறை எலும்புக்கு மேலே, மேல்கையின் உள்பக்கம், தொடை இடுக்கு, இப்படித் தோல் கொஞ்சம் தளர்வாக இருக்கும் இடங்களில் எடுப்பார்கள். எடுத்த இடத்தில் தானாக முளைக்க எதுவும் மிச்சம் இல்லை என்பதால் தைத்து மூடியாக வேண்டும், அதனால் சின்ன அளவுதான் எடுக்க முடியும். முகம், விரல், உள்ளங்கை போன்ற இடங்களுக்கு இதுதான் நல்லது. சுருக்கம் குறைவு, நிறமும் ஓரளவு ஒத்துப்போகும்.

இந்த வகையில் ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. தோலோடு மயிர்க்காலும் சேர்ந்துதான் வரும். தொடை இடுக்கில் எடுத்த தோலை விரலில் வைத்தால், ஆறு மாதம் கழித்து விரலில் முடி வளரலாம், நிறமும் பக்கத்துத் தோலைவிடக் கறுத்துத் தெரியலாம். ஆபரேஷனுக்கு முன் தெரிந்தால் பரவாயில்லை என்று சொல்கிறவர்கள், பின்னால் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டால் ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார்கள். அதில் தப்பும் இல்லை. எங்கே எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேறு இடத்தில் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். துணி மறைக்கும் இடமாக இருக்கட்டும் என்று சிலர் புட்டத்தைக் கேட்பார்கள். தழும்பு வெளியே தெரியாதுதான். ஆனால் உட்காரவும் முடியாது, மல்லாந்து படுக்கவும் முடியாது, கட்டு எப்படி இருக்கிறது என்று தானே பார்க்கவும் முடியாது. என்னைக் கேட்டால் தொடையின் மேல்பக்கமே வசதி. எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், அதற்கு எதிர்ப்பக்கம் எடுத்துத் தருவார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உடம்பிலிருந்து அறுத்து எடுத்த தோலுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. புண்ணின் மேல் வைத்த முதல் ஒன்றிரண்டு நாள் அது அடியில் கசியும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கிறது. அப்புறம் புண்ணில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஒட்டின் குழாய்களோடு போய்ச் சேர ஆரம்பிக்கும், புதுக் குழாய்களும் உள்ளே நுழையும். ஐந்தாறு நாளில் ஓரளவு ரத்தம் ஓடிவிடும். அதுவரை அந்தத் தோலுக்கும் புண்ணுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளிகூட வரக்கூடாது. ரத்தமோ நீரோ அடியில் தேங்கினால் தோல் தூக்கிக்கொள்ளும். கட்டு நழுவித் தோல் கொஞ்சம் அங்கே இங்கே நகர்ந்தால், அப்போதுதான் சேர்ந்த குழாய்கள் அறுந்துவிடும். கிருமி புகுந்தால் ஒட்டுகிற பசையையே கரைத்துவிடும். ஒட்டு போவதற்கு நாங்கள் பார்க்கும் காரணங்கள் பெரும்பாலும் இந்த மூன்றுதான், அதில் நகர்வதும் தேங்குவதும் நோயாளி நினைத்தால் நன்றாகக் குறைக்கக் கூடியவை.

அதனால்தான் கட்டைப் பிரித்துப் பார்க்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். ஆவல் யாருக்கும் இருக்கும். உள்ளே என்ன ஆகிறதோ என்று ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு அப்படியே வைத்து அமுக்கிவிடுகிறார்கள், எங்களிடம் சொல்வதும் இல்லை. நட்ட நாற்றைத் தினமும் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்த கதைதான். சில ஒட்டுகளின் மேல் பஞ்சையோ ஸ்பாஞ்சையோ பொட்டலம்போல வைத்து, ஓரத் தையல் நூல்களை அதன் மேல் கொண்டுவந்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். பார்க்கக் கொஞ்சம் பயமாக இருக்கும், வீங்கியிருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். அது தோலை அடியோடு அழுத்திப் பிடித்துக்கொள்வதற்காக. அந்த நூலை வெட்டுவது எங்கள் வேலை, வீட்டில் இருக்கும் கத்தரிக்கோலுக்கு அங்கே வேலை இல்லை. சில இடங்களில் உறிஞ்சும் இயந்திரம் பொருத்துவார்கள், கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அது நின்றுவிட்டாலோ உஸ் என்று காற்று போகும் சத்தம் கேட்டாலோ உடனே சொல்லுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

காலில் ஒட்டு என்றால் காலைத் தொங்கப்போடக் கூடாது. இது சாதாரணமாகத் தோன்றும், ஆனால் கால் ஒட்டுகள் கெட்டுப்போவதில் பெரிய பங்கு இதற்குத்தான் என்பது என் அனுபவம். நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி டிவி பார்த்தால் போதும், காலில் ரத்தம் இறங்கித் தேங்கும், ஒட்டு ஊதா நிறமாகும், அடியில் கசியும். படுக்கும்போது கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணைகள் வையுங்கள். கழிப்பறைக்குப் போய் வரலாமா, எப்போது நடக்கலாம் என்பதை டாக்டரிடமே கேளுங்கள், ஏனென்றால் எல்லாருக்கும் ஒரே விதி இல்லை. முழங்காலுக்குக் கீழே சின்ன ஒட்டு என்றால் இறுக்கமான பேண்டேஜோடு சீக்கிரமே நடக்கவிடும் டாக்டர்களும் உண்டு, ஒரு வாரம் படுக்கையில் வைப்பவர்களும் உண்டு. நடக்க ஆரம்பிக்கும்போது பேண்டேஜைச் சுற்றிவிட்டுத்தான் காலைக் கீழே இறக்க வேண்டும், இறக்கிய பிறகு சுற்றினால் பிரயோஜனம் இல்லை. கையில் என்றால் கழுத்தில் மாட்டும் தூளியில் உயர்த்தி வைத்துக்கொண்டு, கட்டுப் போடாத விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டு பிடித்தாலும் விரல் விறைத்துவிடும். முகத்தில் என்றால் முதல் வாரம் குனியாதீர்கள், கனமானதைத் தூக்காதீர்கள், இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். மூக்கில் ஒட்டு போட்டவர்கள் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

புகை பிடிக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நிகோட்டின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், மேலே சொன்ன வேலை முழுவதும் அந்தச் சின்னக் குழாய்களை நம்பித்தான் நடக்கிறது. முன்னால் நாலு வாரமாவது நிறுத்தச் சொல்வார்கள், பின்னால் முழுதாக ஆறும்வரை தொடக்கூடாது. ஒட்டு வைத்த அன்று சாயந்திரம் வராந்தாவில் நின்று ஒன்று பிடித்துவிட்டு வருகிறவரிடம் என்ன சொல்வது? சர்க்கரை நோய் இருந்தால் அது கட்டுக்குள் வந்த பிறகுதான் ஒட்டு, அவசரம் இல்லாத ஒட்டு என்றால் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டாலும் நல்லதே. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எதுவாக இருந்தாலும், முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லத்தான் சொன்னேன், நிறுத்தச் சொல்லவில்லை. சின்ன ஆபரேஷன்தானே என்று தானாகவே நிறுத்திவிட்டு இதயத்தில் பிரச்சினையோடு வந்தால் ஒட்டு எங்கே போய் நிற்கும்? நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை அதை எழுதிக் கொடுத்த டாக்டரும் ஆபரேஷன் செய்கிறவரும் பேசி முடிவெடுக்கட்டும். மீன் எண்ணெய் மாத்திரை, மூலிகை மாத்திரை என்று தனியாகச் சாப்பிடுவதையும் மறைக்காதீர்கள், சிலவற்றால் ரத்தம் நிற்க நேரமாகும். முன்பு பட்ட காயம் ஏதாவது தடித்துப் புடைத்து வளர்ந்திருந்தால், காது குத்திய இடமாக இருந்தாலும் சரி, காட்டிவிடுங்கள். தோல் எடுக்கும் இடத்திலும் அப்படி வளர வாய்ப்பு இருக்கிறது.

மயக்கம் கொடுப்பதாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்பார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்வதாக இருந்தால் அங்கே சொல்கிறபடி செய்யுங்கள். அதிகம் பயப்பட இதில் எதுவும் இல்லை.

புண்ணை வைத்துக்கொண்டு இரண்டு வாரமாக வெறும் கட்டு மட்டும் மாற்றுகிறார்களே, ஒட்டு போடாமல் இழுத்தடிக்கிறார்களே என்ற கோபமும் நிறையப் பேருக்கு வருகிறது. ஒட்டு எதன் மேல் வேண்டுமானாலும் பிடிக்காது. உறை உரிந்த எலும்பின் மேலும், தசையை எலும்போடு இணைக்கிற நாண் உறை இல்லாமல் இருந்தால் அதன் மேலும் பிடிக்காது, ஏனென்றால் ஊட்டம் கொடுக்க அங்கே ரத்தக் குழாய் இல்லை. சீழும் அழுகிய சதையும் இருக்கிற புண்ணிலும் பிடிக்காது. செக்கச்செவேலென்று, தொட்டால் லேசாக ரத்தம் துளிர்க்கிற சதை புண்ணின் அடியெல்லாம் வளர்ந்த பிறகுதான் டாக்டர் சரி என்பார். அந்தக் காத்திருப்பும் சிகிச்சையில் சேர்த்திதான். எதிர்ப்பக்கமும் கேட்டுப் பாருங்கள்: ஒட்டு வேண்டியதுதானா? விரல் நுனியில் எலும்பு தெரியாமல் ஒரு சென்டிமீட்டருக்குள் தோல் போயிருந்தால் பெரும்பாலும் கட்டுப்போட்டே ஆறவிடலாம், அப்படி ஆறிய விரலில் உணர்ச்சியும் நன்றாக இருக்கும். சில புண்களை இழுத்துத் தைத்துவிடலாம். சிலவற்றுக்குப் பக்கத்துச் சதையோடு ரத்தக் குழாயையும் சேர்த்துத் திருப்பி வைப்பார்கள், அது ஒட்டு அல்ல, வேறு முறை, அதற்குப் பார்த்துக்கொள்ளும் விதமும் வேறு. தீப்புண் மூன்று வாரத்தில் ஆறாது என்று தெரிந்தால் ஒட்டு போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு, அவ்வளவு நாள் எடுத்து ஆறும் புண் தடித்த தழும்பாகித் தோலை இழுத்துவிடும்.

அம்மா தோல் கொடுக்கட்டுமா, நான் கொடுக்கட்டுமா என்று கூட வந்தவர்கள் கேட்பார்கள். கேட்கும்போது மனசு கனக்கும். முடியாது. அடுத்தவர் தோல் ஓரிரு வாரம் ஒட்டிக்கொண்டு இருக்கும், அப்புறம் உடம்பு அதை அந்நியம் என்று கண்டுபிடித்து உதறிவிடும். இரண்டாம் உலகப் போரில் தீக்காயம்பட்டவர்களுக்குச் செய்த ஒட்டுகளைப் பார்த்துத்தான் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார் இதை ஆராய ஆரம்பித்தார், ஒரே ஆளிடமிருந்து இரண்டாவது முறை வைத்த தோல் முதல் முறையைவிட வேகமாகக் கழன்றதைக் கண்டார், அந்த வழியில் போன ஆராய்ச்சிக்கு 1960-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஒரே கருவில் பிறந்த இரட்டையர் என்றால் மட்டும் ஒருவர் தோல் இன்னொருவருக்கு நிலைக்கும். பெரிய தீக்காயங்களில் இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த தோலைத் தற்காலிகமாகப் போர்த்துகிறார்கள், அது உயிர் காக்கும் வேலை. சின்ன ஒட்டுக்கு அதெல்லாம் தேவையில்லை, உங்களிடமே போதுமான தோல் இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டால்கூட அதை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் சில நாள் வைத்திருந்து, ஒட்டில் எங்காவது விட்டுப்போனால் மயக்க ஊசி இல்லாமலே படுக்கையில் வைத்து ஒட்டிவிட முடியும். நாங்களே ஒட்டியதும் உண்டு.

முதல் கட்டு பிரிக்கும் நாளைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை. மெல்லிய ஒட்டு என்றால் மூன்றிலிருந்து ஐந்தாம் நாள், முழுக்கன ஒட்டு என்றால் ஐந்திலிருந்து ஏழாம் நாள், டாக்டருக்கு டாக்டர் கொஞ்சம் மாறும். வருவதற்கு அரை மணி முன்பு வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள். மேல் சுற்றுகள் சீக்கிரம் வந்துவிடும், கடைசிப் படலத்தில்தான் பொறுமை வேண்டும். உப்புநீரை ஊற்றி ஊற வைத்து, ஒரு ஓரத்தைப் பிடித்து, மேல்நோக்கி இழுக்காமல் தோலோடு படுத்தாற்போல மெல்ல உரிப்போம், இன்னொரு கை விரலால் ஒட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டே. அவசரப்பட்டால் கட்டோடு தோலும் வந்துவிடும். நாற்றம் இருக்கும். ஐந்து நாள் மூடிக் கிடந்த ரத்தமும் நீரும் நாறாமல் இருக்குமா? முகத்தைத் திருப்பிக்கொண்டு, அழுகிவிட்டதா சிஸ்டர் என்பார்கள். அழுகல் நாற்றம் வேறு மாதிரி, எங்களுக்குத் தெரியும்.

நிறத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் உடைந்துபோகிறார்கள். சிவப்பாக, அழகாக இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். பிடித்திருக்கிற மெல்லிய ஒட்டு இளஞ்சிவப்பாகவோ லேசான ஊதாவாகவோ இருக்கும். ஓட்டை ஓட்டையாக வலைபோல இருந்தால், அது அடியில் தேங்கும் நீர் வெளியே போகவும் தோலை விரித்துப் பெரிதாக்கவும் டாக்டரே போட்ட துளைகள். அந்த வலைக் கோலம் பின்னாலும் கொஞ்சம் தெரியும். முழுக்கன ஒட்டு முதலில் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, சில சமயம் மேலே கறுத்துக்கூடத் தெரியும். அந்தக் கறுப்பு மேல்படலம் ஒன்றிரண்டு வாரத்தில் உரிந்து கீழே சிவப்புத் தோல் வரும். செத்துவிட்டது என்று நினைத்து அதைப் பிய்த்துவிடாதீர்கள். உண்மையிலேயே போன இடம் மஞ்சளாகவோ கறுப்பாகவோ மாறிக் கொழகொழவென்று இருக்கும், அல்லது காய்ந்த தோல்போல விறைத்துக் கிடக்கும், ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். ஒரு ஓரத்தில் கொஞ்சம் பிடிக்காமல் போவது சகஜம், அதற்கு மறுபடியும் ஆபரேஷன் வேண்டியதில்லை, கட்டு மாற்றிக்கொண்டே வந்தால் பக்கத்திலிருந்து தோல் ஊர்ந்து மூடிவிடும். மொத்தமும் போனால்தான் மறுபடியும்.

மெல்லிய ஒட்டுக்காகத் தோல் எடுத்த இடத்துக்குப் போட்ட கட்டு வேறு கதை. அதைப் பிரிக்கவே கூடாது. பத்துப் பதினாலு நாள் அப்படியே இருக்கும், அடியில் தோல் வளர வளர ஓரத்திலிருந்து தானாகக் கழன்று வரும், கழன்ற பகுதியை மட்டும் கத்தரித்துவிடலாம். முதல் இரண்டு நாள் ரத்தமும் நீரும் ஊறி வெளியே கறை தெரியும், மேல் பஞ்சை மட்டும் மாற்றினால் போதும், உள்ளே ஒட்டியிருப்பதைத் தொடாதீர்கள். குளிக்கும்போது நனைந்தாலும் சொல்லிவிடுங்கள். வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடிக்கொண்டே போனால், சுற்றிலும் சிவப்பு பரவினால், பச்சையாகச் சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் உடனே வந்துவிடுங்கள், கிருமி புகுந்தால் அந்தச் சீவல் புண் ஆழமாகிவிடும், அதற்கே ஒட்டு போடும் நிலைமை வரலாம். ஒட்டிய இடத்துக்கும் இதே அறிகுறிகள்தான், கூடவே கட்டு நனைந்து சொட்டும் அளவு ரத்தம் வந்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வரவும்.

வெண்புள்ளிக்காக ஒட்டு வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புள்ளி புதிதாக வராமல், இருப்பது பெரிதாகாமல் ஒரு வருஷமாவது நின்றிருக்க வேண்டும். பரவிக்கொண்டிருக்கும்போது ஒட்டினால் ஒட்டிய தோலும் வெளுக்கும், எடுத்த இடத்திலும் புதுப் புள்ளி கிளம்பும். பழைய போட்டோக்கள் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், நின்றிருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சாட்சி இல்லை.

புண் ஆறிவிட்டது, கட்டும் போய்விட்டது, முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒட்டுத்தோலின் உண்மையான குணம் அதற்கப்புறம்தான் தெரிய ஆரம்பிக்கும். மெல்லிய ஒட்டில் எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் வேலை செய்யாது, அதனால் வறண்டு வெடிக்கும். வாசனை இல்லாத ஈரப்பதம் தரும் கிரீமை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை தடவி, விரலால் அழுத்திச் சுழற்றித் தேய்க்க வேண்டும், புண் முழுதாக மூடிய பிறகு. முதல் சில மாதம் தோல் அடியோடு உறுதியாகப் பிணைந்திருக்காது, உடை உரசினாலே கொப்புளம் வரும். அரிப்பு வரும், ராத்திரியில் அதிகமாக வரும், சொறிந்தால் பிய்ந்துவிடும், மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் நிரந்தரமாகக் கறுத்துவிடும், ஒரு வருஷமாவது துணியால் மூடுங்கள் அல்லது முப்பதோ அதற்கு மேலோ எஸ்பிஎஃப் உள்ள சன்ஸ்கிரீன் போடுங்கள், எடுத்த இடத்துக்கும்தான்.

எல்லாவற்றையும்விட நான் சண்டை போடுவது சுருக்கத்துக்காக. ஒட்டு பிடித்த பிறகு மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும், மெல்லிய ஒட்டு அதிகமாகச் சுருங்கும். முதுகில், தொடையில் என்றால் கவலை இல்லை. முழங்கை மடிப்பில், கழுத்தில், விரல் மூட்டில் என்றால் மூட்டையே மடக்கிவிடும். அதனால்தான் ராத்திரியில் கட்டிக்கொள்ளும் அட்டையும் இறுக்கமான துணி உறையும் கொடுக்கிறார்கள். உறையைக் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும் போடச் சொல்வார்கள், ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம். புழுக்கமாக இருக்கிறது என்று அலமாரியில் வைத்துவிட்டு, மடங்கிப்போன விரலோடு அடுத்த வருஷம் வந்தால், அதை நிமிர்த்த இன்னொரு ஆபரேஷன், பெரும்பாலும் இன்னொரு ஒட்டு. உணர்ச்சியும் மெல்லத்தான் வரும், ஓரங்களிலிருந்து உள்நோக்கி, மாதங்களோ வருஷங்களோ ஆகும், முழுதாக வராமலும் போகலாம். அதுவரை வெந்நீர்ப் பையை அங்கே வைக்காதீர்கள். சுடுவது தெரியாமலே வெந்து வந்தவர்களுக்கும் நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

கட்டி எடுத்த இடத்தில் ஒட்டு போட்டவர்கள் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். ஒட்டு நன்றாகப் பிடித்த சந்தோஷத்தில் அந்த ரிப்போர்ட்டை வாங்க யாரும் வருவதில்லை. அது என்ன கட்டி, ஓரம் வரை முழுதாக எடுத்தாயிற்றா என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. தையல் பிரிக்கிற அன்றே கேளுங்கள், வரவில்லை என்றால் எப்போது வரும், யாரிடம் வாங்குவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக மருத்துவமனைகளுக்கும் சொல்கிறேன், நானும் அதே கூட்டத்தில் ஒருத்திதான் என்பதால் உரிமையோடு. நாம் கையில் கொடுத்து அனுப்பும் தாளில் மாத்திரைப் பெயர்களும் மறுபடி வர வேண்டிய தேதியும் மட்டும் இருக்கிறது. எந்த வகை ஒட்டு, எங்கே எடுத்தது, எந்தக் கட்டை யார் எப்போது பிரிக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது, எப்போது நடக்கலாம், ராத்திரியில் ரத்தம் கசிந்தால் எந்த எண்ணுக்குப் பேசுவது, இவ்வளவையும் நோயாளிக்குப் புரிகிற தமிழில் ஒரு பக்கத்தில் அடித்துக் கொடுக்க முடியாதா? அதையும் மயக்கம் தெளியாத ஆளிடம் ஆபரேஷன் முடிந்த அன்று நீட்டாமல், கையெழுத்து வாங்குகிற அன்றே கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கும் ஒரு பிரதி. அப்படிக் கொடுக்காத இடத்தில் சிகிச்சை எடுப்பவர்கள் இந்தக் கடிதத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, கேள்விகளை ஓரத்தில் எழுதிக்கொண்டு போய்க் கேட்கட்டும். பதில் சொல்ல நேரம் இல்லை என்றால் டிரெஸ்ஸிங் அறைக்கு வந்து கேளுங்கள், நாங்கள் சொல்வோம்.

இப்படிக்கு,
டிரெஸ்ஸிங் அறை நர்ஸ் ஒருவர்